சம்பூரணம் ஓட்டிய விமானம்

ஊசி நடுங்கிக்கொண்டிருக்கிறது, கீழே கடல், கடலுக்கு மேலே பிய்த்துப் போட்ட இலவம்பஞ்சு மாதிரி மேகம், சம்பூரணத்தின் கைக்குள் ஜாய்ஸ்டிக் வியர்வையில் வழுக்குகிறது, ஊசி காட்டுகிற பக்கம் மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு போனால் கோயமுத்தூர் வந்துவிடும் என்றுதான் நோட்டில் எழுதியிருக்கிறது, ஆனால் அரை மணி நேரமாகக் கோயமுத்தூரும் வரவில்லை, மலையும் வரவில்லை, தண்ணீர்தான் வருகிறது, பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாச்சிமுத்து தொண்டைக்குள் என்னவோ முனகுகிறார், வலிக்குதுங்களா என்று கேட்கிறாள், அவர் தலையை ஆட்டுகிறார், அது ஆமாவா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை, நாலு மாதமாகவே தெரியவில்லை, தன் புருஷன் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று தெரியாத ஒருத்தியாகத் தான் ஆகிவிட்டதை நினைத்தால் அவளுக்கு இந்தக் கடலைவிட அதுதான் பயமாக இருக்கிறது.

இந்த அறை ஒரு காலத்தில் மகள் யசோதாவின் அறை, அவள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போன பிறகு நாச்சிமுத்து பிடித்துக்கொண்டார், பம்புசெட் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் பிரிவில் ஃபோர்மேனாக இருந்துவிட்டு வந்த மனுஷன், ரிடையரான மறுமாதமே பெரிய திரை வைத்த கம்ப்யூட்டரை வாங்கிவந்து, பிளைவுட்டில் பலகை அடித்து, குமிழும் சுவிட்சும் பொருத்தி, அதற்கு முன்னால் உட்கார்ந்து சாயங்காலமெல்லாம் விமானம் ஓட்டினார், நிஜ விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாதவர், பிளேன் பொம்மையா ஓட்டறீங்க என்று கேட்டால் கோபித்துக்கொள்வார், பொம்மையில்ல புள்ள, எல்லாமே அசல் கணக்கு, வா, பக்கத்துல உக்காரு, கொச்சிக்குப் போயிட்டு வந்தரலாம், என்பார், எனக்கு மாவரைக்கற வேலை கெடக்குது, நீங்களும் உங்க சக்களத்தியும் போயிட்டு வாங்க, என்பாள் சம்பூரணம், அந்தக் கம்ப்யூட்டருக்கு அவள் வைத்த பேர் அது, அக்கம்பக்கத்திலும் அந்தப் பேரைத்தான் சொல்லிச் சிரிப்பார்கள், அவளுக்கு உள்ளூர நிஜமாகவே பொறாமை இருந்தது யாருக்கும் தெரியாது, கல்யாணமான புதுசில் லூனாவில் பின்னால் உட்காரவைத்துப் பீளமேட்டுக்கு விமானம் பார்க்கக் கூட்டிப்போனவர்தானே, மதிலோரம் நின்று, தலைக்கு மேலே அது இறங்குகையில் சத்தத்துக்குப் பயந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாளே, அன்றைக்கு அவர் விமானத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பிற்பாடு ஏன் விமானத்தையே பார்க்கப் போனார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தக் காலையை மட்டும் நினைக்கக் கூடாது என்று நினைக்கிறாள், நினைக்காமல் இருக்க முடிவதில்லை, பேப்பரை மடித்து வைத்துவிட்டு நாச்சிமுத்து, கதவு குடு, என்றார், காப்பி கேட்கிற நேரம் அது, காப்பி கேட்கிற குரல் அது, வந்த சொல்தான் கதவு, அவள் சிரித்தாள், கதவ எப்படீங்க குடுக்கறது, கழட்டித்தான் குடுக்கோணும், என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள், அவரும் சிரித்தார், பாதி வாயால், அந்தப் பாதியை அவள் பார்த்தாள், பார்த்தும் தோசைக்கல்லைப் பார்க்கப் போய்விட்டாள், டம்ளர் விழுந்த சத்தம் கேட்டு ஓடிவந்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது, எப்பம்மா ஆரம்பிச்சுது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அந்த அரை மணியையும் சேர்த்தே சொன்னாள், டாக்டர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார், அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலாம், இப்போது எழுதிக்கொண்டே இருக்கிறார், அவள் தூக்கத்திலும் எழுதிக்கொண்டே இருக்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகு பக்கவாதம் அடித்த வலது காலில் கொஞ்சம் தெம்பு திரும்பியது, வலது கையில் திரும்பவில்லை, பேச்சு திரும்பவே இல்லை, செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு நஸீமா வருவாள், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், மாடு, சாவி, செருப்பு என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள், முப்பத்தோரு வருஷம் எண்பது பேரை வேலை வாங்கியவர் மாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஐயாவுக்கு எல்லாமே புரியுதும்மா, சொல்லுதான் வாய்க்கு வர மாட்டேங்குது, இந்த மொதல் சில மாசம் வீணாப் போச்சுன்னா அப்பறம் கஷ்டம், அவருக்குப் புடிச்சது ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க, அதுல இருந்து ஆரம்பிக்கலாம், என்றாள், புடிச்சதா, என்று சம்பூரணம் கேட்டாள், கேட்கும்போதே பூட்டிக்கிடந்த அறைதான் ஞாபகம் வந்தது, மறுநாள் யசோதாவை ஃபோனில் வைத்துக்கொண்டு, அந்தப் பச்சை லைட் எரியுதாம்மா, எரியுது கண்ணு, இப்ப ரெண்டு தடவ அமுக்கு, அமுக்கிட்டேன், என்று ஒவ்வொன்றாக உயிர்ப்பித்தாள், கம்ப்யூட்டருக்குள் விசிறி சுற்றத் தொடங்கிய சத்தம் கூடத்துக்குப் போனது, கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தலை இந்தப் பக்கம் திரும்பியது.

அப்படித்தான் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள், ஒற்றைக் கையை வைத்து அவரால் ஓட்ட முடியாது, அவர் கையாக இவள் ஆனாள், நாச்சிமுத்து எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார், கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவனுக்குச் சொல்வது மாதிரி, முதலில் இது, பிறகு இது, அவசரப்படாதே, என்று, அதைப் படித்துப் படித்து, அவர் இடது கை காட்டுகிற சுவிட்சைப் போட்டு, முதல் வாரம் மருதமலை மேல் மோதினாள், அடுத்த வாரம் மருதமலையைத் தாண்டினாள், பீக்கன் என்ற பாடத்துக்கு வந்தபோது சமையல்கூட மறந்துபோனது, பீக்கன் என்பது தரையில் நின்றுகொண்டு நான் இங்கே இருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன் என்று ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் கம்பம், அதன் எண்ணைப் போட்டால் ஊசி அதன் பக்கம் திரும்பும், மேகத்துக்குள் கண் தெரியாதபோதும் அது கைவிடாது, என்று எழுதியிருந்தார், அடுத்த வரியில், ஊசியை உடனே நம்பாதே, ஒவ்வொரு பீக்கனுக்கும் ஒரு கூவல் உண்டு, காதால் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு நம்பு, என்றும் எழுதியிருந்தார், அந்த வரியை அவள் படித்தாள், ஆனால் முதல் தடவை அந்தக் கீச்சொலி வந்தவுடனே ஸ்பீக்கரை அணைத்துவிட்டாள், ஐசியூவில் அவர் தலைமாட்டில் இருந்த மிஷின் இதே மாதிரிதான் கத்திக்கொண்டிருந்தது, ஒன்பது நாள், அதைத் திரும்ப ஒருதரம் கேட்க அவளால் முடியாது.

ஆகவே இந்தப் பகலில், கொச்சியில் ஏறிக் கோயமுத்தூருக்கு என்று கிளம்பி, எண்ணைப் போட்டு, சத்தமில்லாத ஊசியின் பின்னால் அவள் போய்க்கொண்டிருக்கிறாள், பெட்ரோல் முள் சரிகிறது, நாச்சிமுத்துவின் முனகல் ஏறுகிறது, தண்ணி வேணுங்களா என்று டம்ளரை நீட்டினாள், அவர் இடது கையால் தட்டிவிட்டார், தண்ணீர் நோட்டின் மேலும் அவள் சேலையிலும் கொட்டியது, சம்பூரணத்துக்கு நாலு மாதமாக அடக்கி வைத்திருந்தது பொங்கிக்கொண்டு வந்தது, நானும் மனுசிதானுங்க, அன்னிக்கு நான் சிரிச்சது தப்புத்தான், தெரியாமச் சிரிச்சுப்போட்டேன், அதுக்கு இன்னும் எத்தன நாளைக்கு மொகத்தத் திருப்பிக்கிட்டு இருப்பீங்க, என்று கத்தினாள், கத்திவிட்டுத் தானே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள், அவர் அவளையே பார்த்தார், எதைப் பற்றிச் சொல்கிறாள் என்றே அவருக்குத் தெரியவில்லை, அது அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது, அந்தச் சிரிப்பை அவர் நினைவில்கூட வைத்திருக்கவில்லை, இத்தனை நாளும் அவள் ஒருத்தி மட்டுமே அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

அவருடைய இடது கை நீண்டது, அவளைத் தொடத்தான் என்று நினைத்தாள், அது அவளைத் தாண்டிப்போய் ஸ்பீக்கர் குமிழைத் திருகியது, அறைக்குள் கூவல் வந்தது, டி டி டா, டி டி டா, என்று, நாச்சிமுத்து இல்லை என்கிற மாதிரி கையை விசிறினார், பிறகு நாற்காலிக் கையில் விரலால் தட்டித் தட்டி, தொண்டைக்குள்ளிருந்து, டா டி டா டி, டா டி டா டி, என்று இழுத்தார், அவள் அதைக் கேட்டாள், இதைக் கேட்டாள், இரண்டும் ஒன்றில்லை, அவர் முனகவே இல்லை, பாடிக்கொண்டிருந்தார், அரை மணி நேரமாக இந்த மனுஷன் சரியான பீக்கனின் கூவலைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், அய்யோ, இது வேற ஊருங்களா, என்றாள், நனைந்த நோட்டை எடுத்து எண்ணைப் பார்த்தாள், அவர் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும், பால் கணக்கிலிருந்து எல்லாவற்றிலும் அந்தக் குழப்பம் உண்டு, ஏழை எடுத்துவிட்டு ஒன்றைப் போட்டாள், கூவல் நின்றது, கொஞ்ச நேரம் இரைச்சல், அப்புறம் மெல்லிசாக, தூரத்திலிருந்து, டா டி டா டி, அவர் குரலும் அதுவும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன, ஊசி அசைந்தது, அசைந்து, பாதி வட்டம் சுற்றி, அவள் முதுகுப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது, இவ்வளவு நேரமும் கடலுக்குள் ஏதோ ஒரு தீவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம் என்று அவள் சொன்னபோது நாச்சிமுத்து கண்ணை மூடி, இப்போதாவது தெரிந்ததே என்கிற மாதிரி தலையாட்டினார், அந்தத் தலையாட்டலின் அர்த்தம் அவளுக்குச் சந்தேகமில்லாமல் புரிந்தது.

திரும்பினார்கள், ஊசியை நெற்றிக்கு நேராக வைத்துக்கொண்டு, காற்று தள்ளும்போது அவர் விரல் இடது என்றும் வலது என்றும் காட்ட, கரை வந்தது, பாலக்காட்டுக் கணவாயின் இரண்டு பக்கமும் மலை வந்தது, கூவல் பெரிதாகிக்கொண்டே வந்தது, அது ஆஸ்பத்திரிச் சத்தம் மாதிரி இல்லை இப்போது, யாரோ வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, ஊசி துள்ளிப் பின்பக்கம் சாய்ந்தது, பீக்கனைத் தாண்டிவிட்டோம், ஓடுபாதை தெரிகிறது, சம்பூரணம் சந்தோஷத்தில் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள், பார்க்கவேண்டாத நேரத்தில் பார்த்தாள், விமானம் இடப்பக்கம் சாய்ந்து, ஓடுபாதையை விட்டிறங்கி, புல்லுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது, அட கூறுகெட்டவளே, என்றார் நாச்சிமுத்து.

பளிச்சென்று, ஒரு எழுத்து பிசகாமல், பழைய குரலில். என்ன சொன்னீங்க, இன்னொருக்காச் சொல்லுங்க, என்று அவள் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள், அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது, திறந்து திறந்து மூடினார், கண் கலங்கியது, பரவால்லீங்க, போதுமுங்க, என்று சொல்லிவிட்டு யசோதாவுக்கு ஃபோன் போட்டாள், அப்பா பேசிட்டாரு சாமி, என்ன பேசுனாரும்மா, என்னைய வஞ்சாரு, என்று சொல்லும்போது அழுகையில் சொல் உடைந்தது, என்னன்னு வஞ்சாரு, கூறுகெட்டவளேன்னாரு, அந்தப் பக்கம் யசோதாவும் அழுதுகொண்டே சிரித்தாள். வெள்ளிக்கிழமை நஸீமா வந்து கேட்டுவிட்டு அட்டைகளைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டாள், வசவும் பாட்டும் மூளையில வேற வழியா வரும்மா, அந்த வழி ஐயாவுக்குத் தெறந்துதான் இருக்குது, இடது கையால தட்டிக்கிட்டே ராகமா இழுத்துச் சொல்ல வைக்கறதுதான் நான் அடுத்துப் பண்ண இருந்தேன், அவரே ஆரம்பிச்சுட்டாரு, என்றாள், அன்றிலிருந்து மூன்று பேரும் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டு, தண்-ணி, காப்-பி, என்று பாடினார்கள், சில நாள் வந்தது, பல நாள் வரவில்லை.

வசவு மட்டும் வந்தது. அதைக் கேட்க சம்பூரணம் ஒரு வழி கண்டுபிடித்தாள், நன்றாக ஓட்டுவாள், பீக்கனைக் கேட்டுப் போட்டு, ஊசியை நேர் வைத்து, மலை தாண்டி அழகாக ஊருக்கு வருவாள், இறங்குகிற நேரத்தில் கையை லேசாக அசைப்பாள், விமானம் புல்லுக்குள் போகும், கூறுகெட்டவளே, முண்டம், கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது, என்று நாளுக்கொரு வசவாக முளைத்து வந்தது, ஒவ்வொன்றையும் அவள் வாங்கி மடியில் முடிந்துகொண்டாள், அப்படி ஒரு மாதம் போயிருக்கும், ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு, வெயில் ஜன்னல் வழியாகத் திரையில் விழுகிற நேரம், வழக்கம்போல விமானத்தைப் புல்லில் விட்டுவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தாள், வசவு வரவில்லை, நாச்சிமுத்து திரையைப் பார்க்கவே இல்லை, அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்த விரல் அசைந்ததைப் பார்த்துவிட்டார், அவருடைய இடது கை நாற்காலிமேல் தட்டத் தொடங்கியது, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சொட்டாக, நீட்டி, குறுக்கி, தேடி எடுத்து வைத்தார், வே, ணும், னே, பண், றே.

ஆமாங்க, என்றாள் சம்பூரணம், வேணும்னேதான் பண்றேன், அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள், திரையில் விமானம் புல்லுக்குள் சாய்ந்துகிடந்தபடி எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, அதை அணைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.