பதினெட்டு வோல்ட்

1971ஆம் ஆண்டு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், விருத்தாசலம் கடைவீதியில் ரசூலின் மைக் செட் கார் அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னது. "இன்று முதல் புத்தம் புதிய காப்பி" என்று சினிமாக் கொட்டகைக்காக அவர் மைக்கில் சொல்ல, கார் கூரையில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி அவருடைய குரலிலேயே, "நாலு ஊர்ல ஓடித் தேஞ்ச காப்பி, நடுவுல ரெண்டு ரீலு கெடையாது" என்றது. அன்று மதியக் காட்சிக்கு ஒன்பது பேர் வந்தார்கள்.

காரணம் பேட்டரிதான். பீங்கான் தொழிற்சாலைப் பக்கம் போனால் எந்திர இரைச்சலில் குழாய்ச் சத்தம் எடுபடவில்லை என்று புகார் வந்ததால், முந்தின நாள் ரசூல் காரின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியோடு மோட்டார் சைக்கிளின் ஆறு வோல்ட் பேட்டரி ஒன்றையும் சேர்த்து இணைத்திருந்தார். "பதினெட்டு குடுத்தா ஆம்ப்ளிபயரு பொகஞ்சிடும் பாய்" என்று மெக்கானிக் கொளஞ்சியப்பன் எச்சரித்திருந்தான். புகையவில்லை. பெட்டி சூடானது, சத்தம் கூடியது, பேசுகிறவர் மனசில் இருப்பது வெளியே வந்தது. சின்னப் பேட்டரியைக் கழற்றினால் சொன்னதை மட்டும் சொன்னது. கொளஞ்சியப்பன் மூன்று முறை கழற்றி மாட்டிப் பார்த்தான். "டிரான்சிஸ்டரு இந்தச் சூட்டைத் தாங்குது பாருங்க, அதான் ஆச்சரியம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அதன்பிறகு ஊர் ரசூலை நம்பவில்லை. துணிக்கடைக்காரர்கள் காருக்குள் தலையை விட்டுப் பேட்டரிகளை எண்ணிப் பார்த்தார்கள். கட்சிக்காரர்கள் வெளியூர்க் காரை வரவழைத்தார்கள். கையில் மைக் இல்லாமல் வந்தாலும், அவரைக் கண்டதும் டீக்கடையில் பேச்சு நின்றது.

இதையெல்லாம் கவனித்து வந்தாள் அவர் மனைவி தாஜ் நிஷா. வியாழன்தோறும் புருஷன் ஸ்ரீமுஷ்ணம் போவது பற்றி அவளுக்குப் பதினோரு வருஷச் சந்தேகம். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்தவரை வாசலிலேயே மறித்துக் காருக்குக் கூட்டிப்போனாள். சின்னப் பேட்டரியின் வயர் மாட்டியிருக்கிறதா என்று தானே இழுத்துப் பார்த்துவிட்டு மைக்கை நீட்டினாள்.

"ஸ்ரீமுஷ்ணத்துக்கு எதுக்குப் போறீங்க? இதுல சொல்லுங்க."

"வேலையாத்தான் போறேன்" என்றார் ரசூல்.

"கொளத்தங்கரையில ஒரு மணி நேரம் சும்மா குந்தியிருப்பேன். அங்க என்னை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றது குழாய். தெரு முழுக்கக் கேட்டது.

"யாரோட?"

"தனியாத்தான்" என்றார். குழாயும் அதையேதான் சொன்னது.

ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. தாஜ் நிஷாவுக்கு அவமானமாகிவிட்டது. பேச்சை முடித்துவிட நினைத்து மைக்கை வாங்கி, "சரி, நான் ஒங்கள நம்புறேங்க" என்றாள்.

"நான் ஒங்கள நம்பல. நம்பிட்டா, நான் பாக்காத நேரத்துல வூட்ட வுட்டுப் போயிடுவீங்களோன்னு பயமா இருக்குது" என்றது குழாய், அவள் குரலில்.

பதினோரு வருஷத்தில் அவள் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி ரசூல் கேட்டதில்லை. ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டு, "வர்ற வியாழன் நீயும் வா" என்றார்.

அவள் போனாள். நான்கு படி தள்ளி உட்கார்ந்து, குளத்தைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு வருஷக்கணக்காக ஒரு வியாழனும் தவறவில்லை, சந்தேகமும் தீரவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது முதல் அந்த வீட்டின் முக்கியமான பேச்செல்லாம் காரில் வைத்து, பதினெட்டு வோல்ட்டில்தான் நடந்தது. பேச்சு ஆரம்பித்ததும் அக்கம்பக்கத்தார் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.