பத்தாவது பெயருக்குப் பிறகு

எண்ணெய் என்றால் பத்துப் பெயர் போதும் என்பது எங்கள் அலுவலகத்து வழக்கம். முகத்துக்குப் பூசும் பொருட்களை ஒப்பிட்டு எழுதும் இணையதளம் எங்களுடையது. புட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலை அட்டவணையில் ஏற்றுவது என் வேலை. அதிகம் சேர்த்தது பட்டியலில் முதலில் வரும், குறைந்தது கடைசியில். சுருக்கம் போக்கும் ரெட்டினால் முதலான ரெட்டினாய்டுகளைத் துளியளவே சேர்ப்பார்கள் என்பதால், அவை வரும் சீரம் என்ற முகத் திரவங்களைக் கடைசிப் பெயர் வரை வாசிப்போம். எண்ணெய்களின் வாலில் வைட்டமினும் வாசனையும் தவிர வேறென்ன இருந்துவிடப் போகிறது என்று எப்போதோ யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

காலை பதினோரு மணிக்கு ஆசிரியர் ஒரு முக எண்ணெய்ப் புட்டியோடு என் மேசைக்கு வந்தார். எதையும் மூக்கருகே பிடித்தே படிப்பவர். எங்களுக்கு அவர் ‘லென்ஸ்’.

“இதுல ரெட்டினாய்டு இல்லைன்னு போட்டிருக்கியேம்மா. பன்னிரண்டாவது பேரைப் பாத்தியா? ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்காங்க.”

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சூரியகாந்தி எண்ணெய், ரோஜாக்காய் விதை எண்ணெய், நான்காவதாக பகுச்சியால் என்ற தாவரச் சாறு. ரெட்டினாலுக்குப் பதிலாக அது இருக்கிறது என்பதுதான் அந்த எண்ணெயின் பெருமையே. விரலை நகர்த்தினேன். பன்னிரண்டாவது, ரெட்டினைல் பால்மிடேட். அதுவும் ரெட்டினாய்டுதான்.

“பத்தோட நிறுத்திட்டேன் சார்.”

“யார்தான் நிறுத்தல? ரெண்டு வரி திருத்தம் போட்டுடு. குடியா முழுகிடும்?”

அவர் போய்விட்டார். நான் இரண்டு வரியை எழுதவில்லை. அதே எண்ணெயில் ஒரு புட்டி அக்காவிடம் இருந்தது.

அக்காவுக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து வயிற்றில் கரு தங்கியிருக்கிறது. ஐந்து வாரத்துக்கு முன்னால், வழக்கமாகப் போடும் ரெட்டினால் சீரத்தை, கருவுக்கு ஆகாது என்று மருத்துவர் நிறுத்தச் சொன்னதும் என்னிடம்தான் கேட்டாள். அந்தச் சீரம், இந்த எண்ணெய் இரண்டின் அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்து, இதில் உண்டு, இதில் இல்லை என்று விரலால் தொட்டுக் காட்டினேன். “நானே ஒப்பிட்டுப் பாத்தது. கண்ணை மூடிக்கிட்டுப் போடு” என்றேன்.

தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பேருந்தில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. தோல் வழியே உள்ளே போவது சொற்பம் என்று எனக்குத் தெரியும். கர்ப்பிணிகள் தவிர்ப்பதே நல்லது என்று எழுதுகிறவளும் நானே. இரண்டும் மாறி மாறி வந்தன. சொல்லாமல் புட்டியை மட்டும் எடுத்து வந்துவிடலாம், கெட்டுப்போன சரக்கு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மூன்றாவது ஒன்றும் வந்தது. இறங்கும்போது அதுதான் முன்னால் நின்றது.

அக்கா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறாள். வெட்டுமேசையில் நீலத் துணியை விரித்துச் சுண்ணக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மாமா காலை முறை பேருந்து ஓட்டிவிட்டு வந்து, காக்கிச் சட்டையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்னடி, வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா?” என்றாள் அக்கா.

“தலைவலி.”

“தலைவலின்னா உன் வீட்டுக்குப் போகணும். எங்க வீட்டுக்கு எதுக்கு?”

மாமா சிரித்தார். நான் கண்ணாடி அலமாரிப் பக்கம் போனேன். புட்டி அங்கே இல்லை.

“அந்த எண்ணெய் எங்கக்கா?”

“கட்டில் பக்கத்துல. வயித்துலயும் தடவிக்கிறேன், அரிப்புக்கு. முகத்துக்கே நல்லதுன்னா வயித்துக்குக் கெடுதலா என்ன? பாதிக்கு மேல தீந்துடுச்சு. வேற ஒண்ணு சொல்லி வை.”

கத்தரி துணியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்தது. அடுத்த துண்டு தொடங்கியது. அதுவும் முடிந்தது. மாமா தட்டைக் கழுவிவிட்டு வந்தார். கெட்டுப்போன சரக்கு என்ற வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. அக்கா பெருவிரலால் வயிற்றோரம் சட்டைமேல் லேசாகச் சொறிந்துகொண்டாள்.

“அதுல ரெட்டினாய்டு இருக்குக்கா.”

கத்தரி நின்றது.

“இல்லைன்னு காட்டினியே.”

“பத்துப் பேர்தான் வாசிச்சேன். பன்னிரண்டாவதா இருக்கு.”

“மொத்தம் எத்தனை?”

“பதினாலு.”

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் துணியின் மடிப்பை உள்ளங்கையால் நீவினாள். ஏற்கெனவே மடிப்பில்லாத இடத்தையும் நீவினாள்.

“இன்னும் நாலு பேரு வாசிக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?”

எனக்கு விடை தெரியும்.

மாமாதான் மருத்துவமனைக்குப் போனில் பேசினார். செவிலியர் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னதை அவர் அப்படியே எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். உடனே நிறுத்த வேண்டும். மிகவும் குறைந்த அளவுதான், பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். திங்கட்கிழமை ஸ்கேனுக்கு வரும்போது, உடம்பில் பூசுகிற எல்லாவற்றின் சேர்மானங்களையும் எழுதி எடுத்து வர வேண்டும்.

“நான் எழுதித் தரேன்கா” என்றேன். “அரை மணி நேரத்துல முடிச்சிடுவேன்.”

அக்கா குளியலறைக்குப் போய் சோப்பு அட்டை, தலைக்குத் தேய்ப்பது, கை கிரீம் எல்லாவற்றையும் மடியில் அள்ளி வந்து வெட்டுமேசையில் கொட்டினாள். கட்டில் பக்கத்திலிருந்து அந்தப் புட்டியும் வந்தது. சீருடைக் கணக்கு நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைப் பிரித்து, பேனாவைத் தானே எடுத்துக்கொண்டாள்.

“நீங்க வாசிங்க” என்றாள் மாமாவிடம்.

“எனக்கெங்க இதெல்லாம் வாயில நுழையும்? அவதான் இருக்காளே.”

“நீங்க வாசிங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கை கிரீமை எடுத்தார். தண்ணீர். கிளிசரின். மூன்றாவது பெயரில் தடுக்கினார். “சீட்... சீட்டியரி...” என்று இழுத்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எனக்கு வாய் திறந்துவிட்டது.

“அவளைப் பாக்காதீங்க. எழுத்து எழுத்தா சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்.”

அவர் எழுத்து எழுத்தாகச் சொன்னார். அவள் எழுதினாள். நான் தையல் எந்திரத்தின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, அவர் தப்பாகச் சொன்ன ஒவ்வொரு பெயரையும் மனசுக்குள் திருத்திக்கொண்டே, கடைசிப் பெயர் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.