ஒதவாத சாமான்

பிறந்த பிள்ளைகள் தங்காமல் போகிற வீட்டில், அடுத்து வருகிற பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு மூச்சு நேரம் கிடத்திவிட்டு எடுப்பார்கள். வேண்டாத பிள்ளை என்று காற்றுக்குக் கேட்கும்படி சொல்லி, ஆசையே தெரியாத ஒரு பேரையும் வைப்பார்கள். கொண்டுபோக வருகிறவன் அந்தப் பேரைக் கேட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிடுவானாம். திருவாமாத்தூர் மண்ணாங்கட்டிக்குப் பேர் வந்தது அப்படித்தான். அந்தப் பேர்தான் தன்னை இன்றுவரைக்கும் காப்பாற்றிக்கொண்டு வருகிறது என்று தலை நரைத்த பிறகும் நம்புகிற மனுஷர். சிரிக்காதீங்க கண்ணுங்களா. காப்பாற்றியது எதுவோ, ஆள் இருக்கிறார்.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரி ஆபீஸில் அவருக்கு எடுபிடி வேலை. அங்கே பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டியபோது ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். உனக்கெதுக்கு இது என்று கேட்காதவர்கள் இல்லை. அவர் வாய் திறக்கவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அவர் பெண்சாதி காந்திமதியின் கனவுகளைப் போட்டு வைக்கத்தான்.

காந்திமதி மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலைக் காட்டில், கூலிக்குப் போகிறவள். பகலெல்லாம் குனிந்தே கிடக்கிறவளுக்குக் கண்ணை மூடினால் அப்படி ஒரு கனவு வரும். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்களெல்லாம் மாடு மாதிரி படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும். இவள் போய்த் தட்டினால், இன்னும் கொஞ்ச நேரம் என்று கண்ணைச் சொருகிக்கொள்ளும். மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினால் வேரில் காய்க்குப் பதிலாகச் சின்னச் சின்ன பல்பு எரியும். அனந்தபுரம் சந்தையில் மழையைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள், இவள் ஒரு கூறு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள்.

காலையில் டீ குடித்துக்கொண்டே அதையெல்லாம் சொல்வாள். மண்ணாங்கட்டி போனில் பதிவு பண்ணுவார். பிறகு கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுப் போனில் இருப்பதை அழித்துவிடுவார். போன் கிணற்றில் விழும், பஸ்ஸில் காணாமல் போகும். கம்ப்யூட்டர் வீட்டைவிட்டு எங்கே போகப் போகிறது என்பது அவர் நினைப்பு.

பூட்டு விஷயத்திலும் அவருக்குத் தனிக் கொள்கை. பாஸ்வேர்டு போடுவது, உள்ளே ஏதோ இருக்குது வாங்க என்று நாமே தண்டோரா போடுகிற மாதிரி என்பார். அதனால் போடவில்லை. கனவுகளையெல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் வைத்து, அதற்கு 'ஒதவாத சாமான்' என்று பேர் கொடுத்தார். உள்ளே ஒவ்வொரு கனவுக்கும் தனிப் பேர். கிழிஞ்ச பாய். ஓட்டைச் சட்டி. மொட்டைத் துடைப்பம். திருடன் வந்தாலும் சரி, வைரஸ் வந்தாலும் சரி, பேரைப் பார்த்ததும் காறித் துப்பிவிட்டுப் போய்விடும்.

போன மார்கழியில் காந்திமதிக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. எல்லாம் அவளுக்குப் புரிகிறது, கண்ணெல்லாம் பேசுகிறது, வாயைத் திறந்தால் வெறும் காற்று. கனவு மட்டும் நிற்கவில்லை போலிருக்கிறது. விடிந்ததும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு புருஷன் முகத்தையே பார்ப்பாள். உதடு அலையும். அப்படியே டீ ஆறிப்போகும். அவர் அதை வாங்கி மறுபடி சூடு பண்ணிக் கொடுப்பார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருநாள் கேட்டார்களாம், முன்னே அவங்க நல்லாப் பேசின குரல் ஏதாவது பதிவாகி இருக்குதா என்று. இருந்தால் தினம் கேட்க வைக்கச் சொன்னார்கள். பலிக்கும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் நாக்குக்கு வழி ஞாபகம் வரலாம் என்றார்கள். மண்ணாங்கட்டிக்குத் தரையில் கால் பாவவில்லை. வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டார். அது இரைந்தது, மூச்சு வாங்கியது. காந்திமதியின் குரல் ஒரு வார்த்தை வந்து நின்றது. வெகுநேரம் கழித்து அரை வார்த்தை வந்து நின்றது. தன் குரலே திக்கித் திக்கி வருவதைக் கேட்ட காந்திமதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினார்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் நிஜாமுதீன் கடை. கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்துவிட்டு வந்தவர், பொறுமைசாலி. அவர் கடைக்குள் எப்போதும் சின்னச் சின்ன ஃபேன்கள் வண்டு மாதிரி ரீங்காரம் பண்ணிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். ஆனால் பத்திரம் எழுதுகிற பாண்டுரங்கன் அங்கே இருந்தால் யாரும் தூங்க முடியாது. தன் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு நாள் முழுக்கப் பேசுவார். வைரஸை விடுகிறவனே அதற்கு மருந்து விற்கிறவன்தான் என்பார். புதுப் பெட்டியெல்லாம் தகரம், பழசுதான் உழைக்கும் என்பார். தன் பாஸ்வேர்டை எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லி, அது என்ன என்பதையும் சொல்லிவிடுவார். அன்றைக்கு மண்ணாங்கட்டியைப் பார்த்து, எல்லாத்தையும் கிளவுடில் ஏத்திடுங்க என்றார். மேகத்துல ஏத்தினா எவன் கொல்லையில பெய்யுமோ என்று இவர் பதில் சொன்னார். கடையே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நிஜாமுதீன் கேட்டார், "உள்ள முக்கியமா இன்னாண்ணே இருக்குது? எதை வெச்சுக்கணும்?"

அத்தனை பேர் காதும் திறந்திருக்கிறது. மேலே காற்று இருக்கிறது. எப்படிச் சொல்வார்? பிள்ளை அழகாயிருக்கிறதே என்று யாராவது சொன்னால் பெத்தவள் பதறி, அது கெடக்குது கருவாயன் என்பாளே, அந்த மாதிரி அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஒண்ணுமில்ல பாய். எதுவும் வேணாம்."

நிஜாமுதீன் நிஜமாவா என்று மறுபடியும் கேட்டார். நிஜமாத்தான் என்றார் இவர்.

திரும்பி வந்த கம்ப்யூட்டர் கண் சிமிட்டுகிற நேரத்தில் விழித்துக்கொண்டது. இரைச்சலே இல்லை. மண்ணாங்கட்டி காந்திமதியைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டுத் தேடினார். 'ஒதவாத சாமான்' இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. துடைத்த பலகை மாதிரி சுத்தம். அவர் அதே இடத்தை மறுபடி மறுபடி தட்டித் தேடுவதைப் பார்த்தே காந்திமதிக்குத் தெரிந்துவிட்டது. தன்னிடம் மிச்சமிருந்த குரலும் போய்விட்டது என்று. அவள் அழவில்லை. அவர் கைமேல் தன் கையை வைத்தாள், அவ்வளவுதான்.

போனில் விஷயத்தைக் கேட்ட நிஜாமுதீன் கோபப்படவில்லை. எதுவும் வேணாம்னீங்களேன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் புதுசாப் போட்டேன் என்றார். உடனே பிளக்கைப் பிடுங்குங்க, இனிமேல் போட்டுக்கூடப் பார்க்காதீங்க, ஜல்தியா எடுத்துக்கினு வாங்க என்றார். வீட்டுக் கதவில் இருக்கிற பேரைத்தான் நான் எடுத்திருக்கேன், வீடு இன்னும் அங்கேயேதான் இருக்கும், வேற யாராவது குடி வந்துட்டாத்தான் இடிஞ்சிபோவும் என்று விளக்கினார். கம்ப்யூட்டர் ஓட ஓட, காலியாகக் கிடக்கிற இடத்தில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்குமாம். இதற்குள் எந்தக் கனவின் மேல் எது குடியேறியதோ தெரியாது.

பஸ்ஸில் போகும்போது மண்ணாங்கட்டிக்கு அரைத் தூக்கம். மடியில் இருக்கிற பெட்டிக்குள் பூட்டிய வீடுகளாக ஒரு தெரு தெரிந்தது. எந்தக் கதவிலும் பேர் இல்லை. எல்லா வீட்டுக்குள்ளும் ஒரே பொம்பளை முணுமுணுவென்று பேசிக்கொண்டிருந்தாள்.

கடையில் நிஜாமுதீன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினார். இது பழைய காலத்துச் சுத்துற டிஸ்க், அதனால ஒரு வழி இருக்குது, இப்ப வர்ற வேகமான டிஸ்க்கா இருந்தா அழிச்ச இடத்தை அதுவே கழுவி விட்டிருக்கும் என்றார். பழசுதான் உழைக்கும்னு நான் அன்னிக்கே சொன்னேனே என்று பாண்டுரங்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

"இன்னாத்தைத் தேடறதுண்ணே? போட்டோவா, எழுத்தா? அன்னிக்கு ஒண்ணுமில்லன்னீங்க. இப்பவாவது சொல்லுங்க."

மண்ணாங்கட்டி கடையில் இருந்தவர்களைப் பார்த்தார். பொறந்ததில் இருந்து எதையும் அவர் ஆசையாக வாய்விட்டுச் சொன்னதில்லை.

"என் பொண்டாட்டி குரலு பாய்," என்றார். "அவளுக்குப் பேச்சு நின்னுபோச்சு. அது ஒண்ணுதான் இருந்துச்சு. எனக்கு அதைவிட ஒசத்தி ஒண்ணும் கெடையாது."

சொல்லிவிட்டு, ஏதோ விழப் போகிற மாதிரி கூரையைப் பார்த்தார். ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருந்தது. பாண்டுரங்கன் எழுந்து தன் நாற்காலியை இவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

மத்தியானம் மெல்ல நகர்ந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு கொடி படர்கிற மாதிரி ஊர்ந்தது. பேரெல்லாம் போயிடும்ணே, உசுரு மட்டும்தான் வரும், அதுலயும் சிலது பாதியில அறுந்து வரும் என்று நிஜாமுதீன் முன்னமே சொல்லிவிட்டார். வெயில் சாய்கிற நேரத்தில் ஒன்று வந்தது. அவர் தட்டினார்.

"இன்னாய்யா, டீ ஆறுது பாரு. கேட்டுக்கினு இருக்கியா, தூங்கறியா?"

மண்ணாங்கட்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எல்லாம் வரவில்லை. ரயில்கள் வந்தன, மழைச் சந்தை வரவில்லை. வந்தவரைக்கும் ஒரு பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்தார் நிஜாமுதீன்.

மறுநாள் காலை இரண்டு டம்ளர் டீயோடு மண்ணாங்கட்டி காந்திமதி பக்கத்தில் உட்கார்ந்தார். பேரில்லாத கனவுகள், எது எதென்று தெரியாது. ஏதோ ஒன்றைத் தட்டினார். அவரே மறந்துபோன கனவு.

"பனமலை ஏரி மேல நடந்துக்கினு போறேன்யா. காலே நனையல. கீழ பார்த்தா தண்ணிக்குள்ள நம்ம தெருவு. நீ வாசல்ல நின்னுக்கினு என்னைத் தேடற. மேலேருந்து கூப்பிடறேன், கூப்பிடறேன், உனக்குக் காது கேக்கல. அப்புறம் இன்னா பண்ணேன் தெரியுமா…"

அதோடு கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த இடத்தில் வேறு எதுவோ குடியேறிவிட்டது.

அவர் பெருமூச்சு விட்டு அடுத்ததைத் தட்டக் கையை நீட்டினார். காந்திமதி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண் எங்கேயோ இருந்தது. உதடு அலைந்தது, குவிந்தது, மறுபடி அலைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அவர் மூச்சைக் கூட அடக்கிக்கொண்டார்.

"க… கல்லு," என்றாள்.

அவர் காதை அவள் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"கல்லு… போட்டேன்."

"என் மேலயா?" என்றார் மண்ணாங்கட்டி. அவர் குரல்தான் இப்போது சரியாக வரவில்லை.

காந்திமதியின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. தண்ணீருக்கு அடியில் இருப்பவரைப் பார்க்கிற மாதிரி அவரைக் குனிந்து பார்த்தாள்.

"நீ… நிமிந்து… பாத்த."