அலமாரியின் அடிப்பக்கம்

சம்பந்தியம்மாள் போனை வைத்ததிலிருந்து பெரியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வளையாமல் நடந்து 'ஸ்கேல்' என்று பெயர் எடுத்தவர் அவர். இப்போது கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து தரையை அளந்துகொண்டிருந்தார்.

"நீங்க குடுத்த அலமாரி அடியில இத்துப் போச்சு சம்பந்தி. மரத்தைக் குறை சொல்ல மாட்டேன். உங்க பொண்ணு தரையைத் துடைக்கிறாளா, வெள்ளம் விடுறாளான்னுதான் தெரியல."

பெண்ணைச் சொன்னால் வளர்த்தவரைச் சொன்னதுதான். பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த அலமாரியைச் செய்த தச்சரின் பட்டறைக்குப் போய் அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். சீட் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"உக்காருங்க சார். நீங்க நிக்கிறதால பஸ் ஒண்ணும் வேகமா போயிடாது" என்றார் தச்சர்.

பெரியவர் உட்காரவில்லை. தச்சரின் முகத்தைப் பார்க்கவே கூசியது. மகளின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு இதே மனிதர், "அடிப்பக்கமும் காலும் வெறும் மரமா இருக்கு சார். அங்கதான் ஈரம் ஏறும். வார்னிஷ் அடிச்சு ரெண்டு நாள் காய விட்டுத் தர்றேன்" என்று சொல்லியிருந்தார். "அடியை யாருய்யா குனிஞ்சு பாக்கப் போறாங்க? நாளைக்கே மண்டபத்துல நிக்கணும்" என்று வண்டியில் ஏற்றச் சொன்னவர் பெரியவர்தான். மண்டபத்தில் அலமாரி பளபளவென்று நின்றது. எல்லோரும் கதவைத் தடவிப் பார்த்தார்கள். அடியை ஒருவரும் பார்க்கவில்லை.

மகள் வீடு கீழ்த்தளம். தரை எந்நேரமும் சில்லென்று இருக்கும். அலமாரியின் கால்களில் விரல் உயரத்துக்குக் கறுப்பு ஏறியிருந்தது. ஒரு கதவு சரியாகச் சாத்த வரவில்லை. மகள் தரை துடைக்கும் துணியும் வாளியுமாக ஓரமாக நின்றாள். அப்பாவைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை.

தச்சரும் பெரியவரும் அலமாரியை மெல்லச் சாய்த்து, பழைய போர்வையின்மேல் படுக்க வைத்தார்கள். தச்சர் சட்டென்று அதன் அடிப்பக்கத்தை மறைத்தாற்போல் குந்தி உட்கார்ந்தார்.

"நீங்களே சொல்லுங்க, இது வேலைக் குறையா, தண்ணிக் குறையா?" என்று தச்சரிடம் கேட்டாள் சம்பந்தியம்மாள்.

தச்சர் பெரியவரை ஒரு பார்வை பார்த்தார். "தண்ணி நின்னா எந்த மரமும் தாங்காதும்மா" என்றார்.

"கேட்டுக்கோ" என்று சம்பந்தியம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள். மகள் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தப்பித்தாயிற்று. இனி ஒரு வாய் காபி குடித்துவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். பெரியவரின் கால்கள் வாசல் வரை போயின. அங்கிருந்து திரும்பி வந்தன.

"கொஞ்சம் தள்ளிக்கோய்யா" என்றார்.

"வேணாம் சார்."

"தள்ளு."

தச்சர் நகர்ந்தார். மேலெல்லாம் தேன் நிறத்தில் மின்னிய அலமாரியின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வார்னிஷ் கூடப் படாத வெளிறிய பலகை தெரிந்தது. அதில் கறுப்புத் திட்டுகள்.

"அடிக்கறேன்னு இவர் சொன்னாரு. காயறதுக்கு ரெண்டு நாள் பொறுக்க மாட்டேன்னு எடுத்துட்டு வந்தவன் நான். தரையைத் துடைக்காம யார் இருப்பாங்க? அவ மேல தப்பில்ல, சம்பந்தி."

சம்பந்தியம்மாள் குனிந்து அந்தப் பலகையைப் பார்த்தாள். "அப்ப இத்தனை நாளா நான் ஆள் மாத்தித் திட்டிட்டு இருந்திருக்கேன்."

"இனிமே சரியான ஆளைத் திட்டுங்க."

"திட்டத்தான் போறேன். இதுக்கு இப்ப என்ன வழி?"

"இத்ததைச் சுரண்டி எடுக்கணும்மா" என்றார் தச்சர். "ஈரத்தோட பூசினா உள்ளேயே மாட்டிக்கும். அதனால ஃபேன் காத்துல நல்லா உலரட்டும். அப்புறம் அடியில மூணு கோட்டு வார்னிஷ். காலுக்கு ரப்பர் வெச்சுட்டா தரையைத் தொடாது. ஒரு வாரம் இப்படியே கெடக்கணும்."

"நாளன்னைக்கு என் தங்கச்சி வீட்டுக்காரங்க வர்றாங்க. நடுக் கூடத்துல இது காலை நீட்டிட்டுக் கெடந்தா?"

பெரியவரின் முதுகு ஒரு கணம் விறைத்தது. "பாக்கட்டும். கேட்டா என் பேரைச் சொல்லுங்க" என்றார்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தச்சரின் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்துத் தரையில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் உட்கார்ந்தது அப்போதுதான். வேகவேகமாகத் தேய்த்தார். மகள் வாளியைத் தூர வைத்துவிட்டு வந்து பக்கத்தில் குனிந்தாள்.

"அப்பா, உள்மூலையை விட்டுட்டீங்க."

"எங்க?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். பெரியவர் தலையைத் தரையோடு தாழ்த்தி, அந்த மூலையைத் தேய்க்க ஆரம்பித்தார்.