தலைவர் என்ன சாப்பிட்டார்?

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கதவில் இருக்கிற வட்டக் கண்ணாடி வழியாக எனக்குக் கிடைத்தது. லோசான் நகரில் ஏரிக்கரை உணவகம் ஒன்றின் சமையலறைக் கதவு. அந்தப் பக்கம் மனிதர்கள் சாப்பிடுவார்கள். இந்தப் பக்கம் நான் அவர்களுடைய கோப்பைகளைக் கழுவுவேன்.

எண்பத்தேழாம் ஆண்டு, வைகாசி, ஒரு ஞாயிறு, பிற்பகல் இரண்டரை மணி. கண்ணாடியில் தெரிந்தவர் சண்முகநாதன், ரெனான் தமிழர் நலன்புரிக் கழகத்தின் தலைவர். ரெனான் பக்கத்து ஊர். கழுத்துப்பட்டியோடு வந்திருந்தார். பின்னால் மனைவி சிவகலா, ஐந்து வயது மகன், இன்னும் நான்கு ஆகாத மகள்.

இதில் என்ன கதை என்று கேட்பீர்கள். தைப்பொங்கல் கூட்டத்தில் இதே தலைவர் கொண்டுவந்த தீர்மானம் தெரிந்தால் கேட்கமாட்டீர்கள்: "ஊரில் உறவுகள் ஒரு நேரக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் இந்நாளில், கழக அங்கத்தவர் எவரும் உணவகங்களில் அமர்ந்து உண்பதில்லை." மூன்று நிமிடம் கைதட்டல். வழிமொழிந்தவன் நான்.

கழகத்தின் ஆண்டு மலருக்கு வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு கதை கொடுக்க வேண்டும். இரண்டு கிழமையாக ஒன்றும் வரவில்லை. இப்போது கதையே நடந்து வந்து சன்னலோர மேசையில் குந்தியிருக்கிறது. பெயரை மாற்றினாலும் ரெனானில் எல்லாருக்கும் ஆளை விளங்கும். அந்தக் குடும்பம் பிறகு கூட்டத்துக்குத் தலைகாட்ட முடியாது. அதற்காகத்தானே எழுதுவது.

2

முதல் தொடக்கம் (திங்கள், மூன்று மணி இடைவேளை, உருளைக்கிழங்குப் பெட்டிமேல் இருந்து எழுதியது):

"வெள்ளை மேசைவிரிப்பின் மேல், உள்ளங்கை அகல இறைச்சித் துண்டு இரத்தம் கசியக் கிடந்தது. தியாகச் செம்மல் கத்தியை எடுத்தார். அருகே கிண்ணத்தில் சிவந்த மது. அதில் தாயகத்தின் கண்ணீர்..."

தாயகத்தின் கண்ணீர் மதுவுக்குள் என்ன செய்தது என்று எனக்கே பிடிபடவில்லை. கசக்கிக் குப்பைவாளியில் போட்டேன்.*

* பழைய உணவுப் பட்டியல்களின் பின்பக்கத்தில்தான் எழுதுவது. அங்கே வீணாகாத ஒரே சாமான் அது.

செவ்வாய் மதியம் வேலைக்கு வந்தால், அதே தாள் சுருக்கம் நீவப்பட்டு, சவர்க்காரப் போத்தலின் கீழ் இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால்:

"அண்ணை, அது முட்டை. உப்பும் கூடிப்போச்சு. மேசைவிரிப்பு மஞ்சள்."

3

பிடிபட்டேன். ஓம், முட்டைதான். எனக்குத் தெரியாமல் இருக்குமா? பொரித்தவனே நான்.

நடந்தது இதுதான். இந்த நாட்டில் இரண்டு மணிக்குப் பிறகு அடுப்புக்கும் ஓய்வு. எங்கள் ஆட்களோ ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்கு முன் நினைத்துப் பார்ப்பதில்லை. சமையற்காரர் போய்விட்டார். "சமையலறை மூடியாச்சு" என்று முதலாளி அம்மா பிரெஞ்சில் சொன்னார். தலைவர் அதே மொழியில், மேடைக் குரலில், "நாங்கள் நாலு பேர்" என்றார். அவர் மறுபடியும் மூடியாச்சு என்றார். இவர் மறுபடியும் நாலு பேர் என்றார்.

இதற்குள் சிவகலா சன்னலோரக் கதிரையை இழுத்து அதில் குந்தி இருந்துவிட்டாள்.

"எழும்பும். வேற இடம் பாப்பம்."

"நான் இருந்திட்டன்."

"மூடியாச்சு எண்டெல்லோ அவ சொல்லுறா."

"அடுப்பைத்தானே மூடினவ. கதிரையை இல்லையே."

மகள் மேசைவிரிப்பின் ஒரு நுனியைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டாள். உப்புக்குப்பி உருண்டது. முதலாளி அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள், முட்டை பொரிக்கத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். வெங்காயம் அள்ளிப் போட்டுப் பொரித்துக் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்கு ஓடினேன்.

"அப்பா, எங்கட வீட்டு முட்டைப்பொரியல்!" என்று மகன் கத்தினான்.

"சத்தம் போடாமச் சாப்பிடு. இது பிரெஞ்சு முட்டை," என்றாள் சிவகலா.

தலைவர் வெங்காயத்தை உற்றுப் பார்த்தார். பிறகு சமையலறைக் கதவைப் பார்த்தார். நான் குனிந்துவிட்டேன்.

[எழுத்தாளனுக்கு முட்டையை இறைச்சியாக்கும் உரிமை உண்டா என்பது பற்றி இங்கே ஒரு பந்தி இருந்தது. உண்டு என்று முடிந்தது. வெட்டிவிட்டேன்.]

அது கிடக்கட்டும். பென்சிலால் எழுதியது யார்? தலைவர் என்னை அண்ணை என்று சொல்லமாட்டார். அவருக்கு நான் தம்பி. மகனுக்கு 'அ'னாவே வராது. விடியப்புறம் ஐந்து மணிக்கு இந்த உணவகத்தைத் துடைக்க ஒரு பெண் வருவதாக முதலாளி அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரண்டு வருடமாக அவள் துடைத்த நிலத்தில் நடக்கிறேன். யார் எவர் என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை.

என் குப்பைவாளியைக் கொட்டுகிறவளும் அவள்தானே. அந்த மேசையில் மிஞ்சுகிற சிவகலாதான் அந்தப் பெண். அப்படியென்றால் அவள் இரண்டு வருடமாக என் வாசகி. நான் அந்த வாளிக்குள் போட்ட காதல் கவிதைகளை நினைக்க, காது சுட்டது. இன்னொன்றும் விளங்கியது: உள்ளே ஒரு தமிழன், அதுவும் எழுதுகிற தமிழன், நிற்பான் என்று தெரிந்துகொண்டுதான் அவள் அந்தக் கதிரையில் வந்து இருந்திருக்கிறாள்.

4

இரண்டாவது தொடக்கம் (செவ்வாய்):

"நாகரிக மோகம் தலைக்கேறிய மனைவியால் இழுத்துவரப்பட்ட அந்த எளிய மனிதர்..."

வேண்டுமென்றே வாளியில் போட்டேன். கசக்கவில்லை. புதன் மதியம் பதில்:

"நான் இழுக்கேல்ல. ஒரு வருஷமாய்க் கேட்டனான். நாப்பத்திரண்டு கதிரை அண்ணை. தினம் மேசையில ஏத்தி, நிலம் துடைச்சு, இறக்கி வைக்கிறன். எந்த மேசைக்கு அடியில சுவிங்கம் ஒட்டியிருக்கு எண்டும் தெரியும். ஒண்டில இருந்து பாக்க ஆசைப்பட்டது பிழையோ?"

கீழே, வேறு விஷயம் போல:

"உங்கட மை வடிவாய் இருக்கு. என்ன பேனை?"

இந்தக் கேள்விக்கு ஒரு சிறு கட்டுரையால் பதில் சொல்ல முயல்கிறேன். ஆடம்பரம் என்பது எப்போதும் மற்றவன் வாங்குகிற சாமான். நாங்கள் வாங்குவது தேவை. தீர்மானத்தை வழிமொழிந்த அடுத்த கிழமை நான் லோசான் நகரக் கடையொன்றில் ஒரு பேனை வாங்கினேன். தங்க முள், கறுப்பு உடல், திருகிற மூடி. அந்தக் காசுக்கு நான்கு பேர் ஐந்து ஞாயிறு முட்டை சாப்பிடலாம், ஐஸ்கிரீமும் சேர்த்து. ஆனால் அது ஆடம்பரம் இல்லை, இலக்கியம். இலக்கியத்துக்கும் முட்டைக்கும் உள்ள வேறுபாடு என்னவென்றால்...

(வசனம் முடியவில்லை. விட்டுவிட்டேன்.)

5

புதன் மாலை எனக்கு விடுமுறை. ரெனான் போகிற பஸ்ஸில் தலைவர் பக்கத்தில் வந்து இருந்தார்.

"மலருக்குக் கதை முடிஞ்சுதோ, தம்பி?"

"கிட்டத்தட்ட."

"என்ன விஷயம் எழுதிறீர்?"

"சாப்பாடு."

அடுத்த தரிப்பிடம் வரை அவர் கழுத்துப்பட்டியின் முடிச்சைச் சரிசெய்தார்.

"எளிமையைப் பற்றியோ?"

"ஓம், எளிமையைப் பற்றி."

"நீர் கோப்பை கழுவிறது எந்த ரெஸ்டோறன்டில?"

"ஏரிப் பக்கம்."

"ஏரி பெரிசு," என்றார், கொஞ்சம் நம்பிக்கையோடு.

"ஓம் தலைவர். நல்ல பெரிசு."

இறங்கும்போது கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு சொன்னார்: "எளிமையை எழுதிறது லேசு, தம்பி." இந்த வசனத்தை நான் உண்டாக்கவில்லை. உண்டாக்கியிருந்தால் இன்னும் நீளமாக இருந்திருக்கும்.

6

புதன் இடைவேளையில், பஸ்ஸுக்குப் போகுமுன், மூன்று முடிவுகள் எழுதி வாளியில் போட்டிருந்தேன்.

(அ) மலர் வெளியாகிறது. தலைவர் பதவி விலகுகிறார். புதுத் தலைவர் தன் ஏற்புரையில், இனிக் கடையில் கோப்பி குடிப்பதையும் தடைசெய்கிறார்.

(ஆ) தலைவர் மேடையில் அழுது ஒப்புக்கொள்கிறார். எல்லாரும் அழுகிறார்கள். தீர்மானம் ரத்து. கழகத்தின் அறுபது பேரும் பிள்ளை குட்டியோடு ஏரிக்கரைக்குப் போகிறார்கள். நேரம் இரண்டரை. சமையலறை மூடியாச்சு.

(இ) எழுத்தாளர் கதையைக் கிழித்து ஏரியில் விடுகிறார். அவருடைய பெருந்தன்மையை ஒன்றரைப் பக்கம் விவரிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

வியாழன் மதியம்:

"மூண்டும் சரியில்லை. அண்டைக்கு அவர் தனக்கெண்டு ஒண்டும் எடுக்கேல்ல. சின்னவள் மிச்சம் விட்ட ஐஸ்கிரீம் கரைஞ்சு கிடந்தது, அதைத்தான் குடிச்சவர். அதை எழுதுங்கோ. வாற மாதம் சின்னவளுக்கு நாலு வயசு. திரும்பக் கூட்டிக்கொண்டு வாறன், இந்தமுறை பன்னிரண்டு மணிக்கு எண்டு தானாய்ச் சொன்னவர். கதை மலரில வந்தால் அவர் வரமாட்டார். வெக்கத்தில இல்லை. தான் போட்ட தீர்மானம்தான் சரி எண்டு நினைச்சுப்போடுவார். பிறகு நான் கதிரைகளை ஏத்தி இறக்கிறது மட்டும்தான்."

பெயர் போடவில்லை. உப்பைப் பற்றியும் இந்தமுறை ஒன்றும் இல்லை.

7

இப்போது வியாழன் பின்னேரம். நாளை பன்னிரண்டு மணிக்கு மலராசிரியர் மகேஸ்வரன் பின்கதவுக்கு வருவார். நல்ல மனிதர், எதைக் கொடுத்தாலும் அச்சடிப்பார். அவரிடம் கொடுக்க என்னிடம் இந்தத் தாள்கள் மட்டும்தான் இருக்கின்றன. கண்ணாடி, முட்டை, பேனை எல்லாம் இதில் இருக்கின்றன. ஐஸ்கிரீமையும் எழுதிவிட்டேன்.

ஆனால் மகேஸ்வரனுக்கு முன், விடிய ஐந்து மணிக்கு, இன்னொருவர் வருவார். இன்றைக்கு நான் இதை வாளியில் போடப்போவதில்லை. சன்னலோர மேசைக்குப் போய், அந்தக் கதிரையின் மேல் வைக்கப்போகிறேன். இதை எடுக்காமல் அந்தக் கதிரையைத் தூக்க முடியாது. எடுத்தால் ஒரு நிமிடமாவது அதில் இருந்துதான் வாசிக்க வேண்டும்.

கடைசித் தாளில் பாதி வெறுமையாக இருக்கிறது. முடிவு அதில் அவள் எழுதுவது. முழுவதையும் கிழிப்பதும் ஒரு முடிவுதான். வாளி எங்கே என்று அவளுக்குத் தெரியும். மலருக்குப் போகலாம் என்று அவள் நினைத்தால், தாள்களைச் சவர்க்காரப் போத்தலின் கீழ் வைக்கட்டும். மலரில் நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், அது அவள் விட்ட வழியால் வந்தது. நீங்கள் இதை வாசிக்கவே இல்லை என்றால், வருகிற மாதம் ஒரு நாள், சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, நான் கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் கோப்பை கழுவிக்கொண்டிருப்பேன்.

பென்சிலால் எழுதினால் அழிந்துவிடும். தாள்களின் மேல் பேனையை வைத்திருக்கிறேன்.

தங்கச்சி, மூடியை இழுக்க வேண்டாம். திருக வேணும்.