ஐந்து மணிக்கு முன் ஒரு ஆறு

காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் மாடிக் கருத்தரங்க அறையில் வந்து உட்கார்ந்தபோது சின்னவளுக்கு ஒரு நாடு கிடைத்திருந்தது. பேராசிரியை கையால் வரைந்த வரைபடத்தில் மட்டுமே இருக்கிற நாடு. ஆற்றின் கீழ்ப்பக்கம், நிறைய வயல். மேல்பக்கத்து நாடு வகுப்புத் தோழன் நெட்டையனுக்கு. அவனிடம் ஒரு அணை இருந்தது. அந்தத் திமிர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

சர்வதேச உறவுகள், இளங்கலை, இரண்டாம் ஆண்டு. எட்டு மணி நேரத்துக்குள் ஆற்று நீரைப் பங்கு போட்டு, இரண்டு பிரதி கையால் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். பேராசிரியை கொடுத்த தாளில் விதிகள் தெளிவாக இருந்தன. அரைகுறையாக இருந்தாலும் ஐந்துக்குள் கையெழுத்தானால் அறுபது மதிப்பெண். கையெழுத்தே இல்லையென்றால் இருவருக்கும் பூஜ்யம். நேரம் என்பது அந்த அறைச் சுவர்க் கடிகாரம் காட்டும் நேரம். வேறு கடிகாரம் செல்லாது.

சின்னவளுக்கு அறுபது வந்தே ஆக வேண்டும். முதலாண்டில் அவள் தட்டுத் தடுமாறித்தான் தேறியிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா அன்று காலைதான் துறை மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அவள் பையில் வைத்திருந்தார்.

"அறுபதுக்குக் கீழ வந்துச்சுன்னா நாளைக்கே குடுத்துடு. உங்க பெரியப்பா பொண்ணு மாதிரி லேப் டெக்னீஷியனுக்குப் படி. நாளையோட கடைசித் தேதி."

"அறுபது வந்துச்சுன்னா?"

"வந்தா நான் ஏன் வாயத் திறக்கப் போறேன்? நாட்டுக்கு நாடு சண்டையத் தீக்கறேங்கற. நம்ம வீட்டு டிவி ரிமோட் சண்டையே ஆறு வருஷமா நடக்குது."

அந்தப் படிவம் இப்போது காலடியில் பைக்குள் இருந்தது. ஆனாலும் எதிரே நெட்டையன் பேனாவைத் திறந்ததும் அவளுக்குக் கை பரபரத்தது. இதற்காகத்தானே இந்தத் துறைக்கே வந்தாள்.

முதல் வரியிலேயே வண்டி நின்றது. ஒப்பந்தத்தின் தலைப்பில் எந்த நாட்டின் பெயர் முதலில் வருவது?

"ஆறு எங்க நாட்டுலதான் பொறக்குது. அதனால எங்க பேருதான் முன்னாடி," என்றான் நெட்டையன்.

"பொறந்த இடத்துல யாரு குடிக்கறா? எங்க ஜனங்கதான் அதிகம்."

"கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சியா, ஆள் எண்ணிப் பேர் போடறதுக்கு?"

"அப்ப நீ மாப்பிள்ளை முறுக்குல உக்காந்திருக்காத."

அகர வரிசை பார்த்தார்கள், பரப்பளவு பார்த்தார்கள், எந்த நாடு முதலில் சுதந்திரம் அடைந்தது என்றுகூடச் சண்டை போட்டார்கள். இல்லாத நாடுகளுக்கு ஏது சுதந்திர நாள்? பதினொன்றே காலுக்குத்தான் சின்னவளுக்குப் போன பருவப் பாடம் நினைவுக்கு வந்தது.

"டேய், ரெண்டு பிரதி எழுதறோம்ல? உன் பிரதியில உன் நாடு முதல்ல, என் பிரதியில என் நாடு முதல்ல. எல்லா நாடும் இப்படித்தான பண்ணுது. பரீட்சையில நாமளே எழுதிருக்கோம்."

நெட்டையன் மேசையில் தலையை வைத்துக்கொண்டான். "ரெண்டே கால் மணி நேரம். வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத."

அதன் பிறகு வேலை குதிரை மாதிரி ஓடியது. விதைப்பு மாதங்களில் எத்தனை நாள் மதகு திறப்பது, மழை பொய்த்தால் யாருக்கு எவ்வளவு குறைப்பது என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்தார்கள். மதியச் சாப்பாட்டைக்கூட ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் எழுதினாள். நாலே முக்காலுக்கு இரண்டு பிரதிகளிலும் எட்டுப் பிரிவுகள் தயார். ஒன்றுதான் பாக்கி. திறந்துவிட்டேன் என்று அணைக்காரன் சொன்னால், அது உண்மைதானா என்று கீழ்நாடு எப்படிப் பார்ப்பது?

"உங்க இன்ஜினியர எங்க அணைக்குள்ள விடமாட்டோம்," என்றான் அவன், இருபதாவது தடவையாக.

"அப்ப ரெண்டு பேரோட ஆளும் சேந்து பாக்கட்டும். தினமும் காலையில ஒரே அளவுகோலை ரெண்டு பேரும் பாத்து, ஒரே தாள்ல கையெழுத்துப் போடட்டும். அளவுகோல் எல்லையில, அணையில இல்ல."

நெட்டையன் கண்ணைச் சுருக்கி யோசித்தான். பிறகு மெதுவாகத் தலையாட்டினான். "இது சரிப்படும்."

கடிகாரம் நாலு ஐம்பத்து மூன்று காட்டியது. இந்தப் பிரிவை விவரமாக இரண்டு தடவை எழுத அரை மணியாவது வேண்டும்.

"எட்டோட கையெழுத்துப் போட்டுடலாம். உனக்கு அறுபது போதும்ல?" படிவத்தின் கதை அவனுக்குத் தெரியும்.

சின்னவள் பேனாவை எடுத்தாள். எட்டாவது பிரிவின் அடியில் அவள் கையெழுத்துக்காகக் கோடு காத்திருந்தது. எழுதினால் அறுபது நிச்சயம். வரைபடத்தின் கீழ்ப்பக்கத்தில் பேராசிரியை பச்சையில் தீட்டியிருந்த வயல்களைப் பார்த்தாள். பார்க்க முடியாத தண்ணீரை நம்பி யார் விதைப்பார்கள்? பேனா கோட்டில் இறங்கவில்லை.

"கடிகாரத்த நிறுத்திடலாம்," என்றாள்.

"பைத்தியமா உனக்கு?"

"பெரிய மாநாடுகள்லயே கெடு முடியறப்போ ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டு நிறுத்திருக்காங்க. ரெண்டு பக்கமும் சம்மதிக்கணும், அவ்வளவுதான். நம்ம விதி என்ன சொல்லுது? சுவர்க் கடிகாரம் காட்டற நேரந்தான் நேரம்."

"மேடம் ஒத்துக்கலைன்னா ரெண்டு பேருக்கும் முட்டை. எனக்கும் சேத்து."

"தெரியும். அதான் உன்னக் கேக்கறேன். நீ வேண்டாம்னா இப்பவே எட்டோட போட்டுடறேன்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நான் நெட்டை. நானே எடுக்கறேன்," என்று எழுந்து, கையை நீட்டிப் பேட்டரியைக் கழற்றினான். நாலு ஐம்பத்தாறு.

ஐந்து மணிக்குப் பேராசிரியை வந்தார். நின்ற கடிகாரத்தையும், தலை நிமிராமல் எழுதும் இருவரையும் பார்த்தார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். சின்னவளின் கை நிற்கவில்லை. ஐந்து முப்பத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். நெட்டையன் பேட்டரியை மாட்டினான்.

பேராசிரியை ஒன்பது பிரிவுகளையும் படித்தார். "ரெண்டு பேரும் சம்மதிச்சுத்தான நிறுத்தினீங்க?"

"ஆமா மேடம்," என்றார்கள் ஒரே குரலில்.

"அப்ப நேரத்துக்குள்ள முடிஞ்சிருக்கு." சிவப்புப் பேனாவால் எண்பத்து நாலு என்று எழுதி நீட்டினார்.

படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிக்கொண்டே சின்னவள் அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். மதிப்பெண்ணைச் சொன்னாள். அவர் பதில் சொல்லும் முன்பே ஆறு, மதகு, எல்லை அளவுகோல் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"அந்த அளவுகோல் பழுதானா?" என்றார் அப்பா.

"என்னப்பா?"

"எந்த மீட்டரும் ஒரு நாளைக்குப் பொய் சொல்லும். லிஃப்ட்ல தினமும் பாக்கறேன். அத யாரு ரிப்பேர் பண்ணுவா? அதுவரைக்கும் தண்ணி எந்தக் கணக்குல வரும்? எழுதிருக்கியா?"

சின்னவள் படியில் அப்படியே நின்றாள். எழுதவில்லை. யாருக்கும் தோன்றவே இல்லை.

"அப்பா, லைன்லயே இருங்க," என்றவள் திரும்பி மேலே ஓடினாள். "டேய் நெட்டை, கீழ எறங்காத. பத்தாவது பிரிவு ஒண்ணு வேணும்."