கோல்கீப்பர் மடியில் வெந்த கோழி

கோல்கீப்பரின் மடியில் வைத்த ரொட்டி மாவு பொன்னிறமாக வெந்து எழும்பும். பக்கத்தில் நின்று யாராவது அவரை அவமானப்படுத்திக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அவமானத்தில் சிலருக்கு முகம் சிவக்கும், சிலருக்குக் கை நடுங்கும், அவருக்கு உடம்பு கொதிக்கும். கோப்பைக்கான இறுதி ஆட்டத்தில், தவழுகிற குழந்தைகூடத் தடுத்திருக்கக்கூடிய ஒரு பந்து அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவே, யாரிடமோ வழி கேட்டுக்கொண்டு போவது போல மெதுவாக உருண்டு வலைக்குள் போயிற்று. மைதானம் மொத்தமும் எழுந்து நின்று ஒரே குரலில் அவரைப் பெற்றவளை விசாரித்தது. அவருடைய காலடியில் புல் முதன்முதலாகக் கருகியது அப்போதுதான். மைதானத்துக்காரர்கள் அந்த இடத்தில் திரும்பத் திரும்பப் புல் நட்டுப் பார்த்தார்கள், பிறகு சலித்துப்போய்ப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

இந்த ஊர் எதையெல்லாமோ மறந்திருக்கிறது. தண்ணீர் தருகிறேன் என்று ஓட்டு வாங்கியவனை மறந்தது, பாலம் கட்டுகிறேன் என்று பணம் வாங்கியவனை மறந்து அவனுக்கே சிலையும் வைத்தது. அந்தப் பந்தை மட்டும் மறக்கவில்லை. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "காலைச் சேர்த்து வெச்சு நில்லுங்க சார்" என்பான்; கைப்பிடிக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த மற்றவர்கள் ஐயோ என்று கையை எடுப்பார்கள். முடிவெட்டுகிற கடையில் இரண்டு நாற்காலிகளின் தோல் உருகியது. நிச்சயம் செய்திருந்த பெண்ணின் அப்பா ஒரே ஒரு வாக்கியம் பேசினார், மோதிரம் விரலிலேயே இளகிவிட்டது. தங்கும் விடுதிகளில் மெத்தைக்குத் தனியாக முன்பணம் கேட்டார்கள், பிறகு அதுவும் வேண்டாம், ஆளே வேண்டாம் என்றார்கள். சூடு சொரணை இல்லாத ஜென்மம் என்று அவரைச் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவர்கள்.

கடைசியில் ஒரு தகரப்பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவளுக்குத் துறைமுகக் குடியிருப்பில் வீடு. கணவர் அங்கே துணை அதிகாரி. பின்னறையில் மெத்தையை எடுத்துவிட்டுக் கல்பலகை போட்டுக் கொடுத்தாள். ஆட்டத்தன்று மைதானத்தில் அவளும்தான் இருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து, வாயே திறக்காமல், அண்ணனின் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். அதற்குப் பிறகும் இத்தனை வருஷத்தில் அந்தப் பந்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உலகத்திலேயே சொல்லாதவள் அவள் ஒருத்திதான். அவளுடைய வீட்டுக்காரர் அப்படியெல்லாம் நாகரிகம் பார்க்கிறவர் அல்ல. காலையில் சட்டையை மச்சானின் முதுகில் விரித்து, "என்ன மச்சான், இன்னும் வேலை எதுவும் அமையலையா?" என்று அன்பாக விசாரிப்பார். சுருக்கம் எல்லாம் போய்விடும். மின்கட்டணம் மிச்சம்.

அந்த வருஷம் துறைமுகத்துக்குத் தலைமை அதிகாரி போட வேண்டியிருந்தது. இருந்தது இரண்டு துணை அதிகாரிகள். எட்டுப் பேரை ஒரு மேஜையில் ஒழுங்காக உட்காரவைக்கத் தெரியாதவனால் எட்டுக் கப்பலைக் கரையில் நிறுத்த முடியாது என்பது இயக்குநரின் தத்துவம். அதனால் இரண்டு பேர் வீட்டிலும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதவியைக் கொடுப்பேன் என்றார். பசித்த மனிதர்கள் இப்படிப் பல தத்துவங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பதவி கிடைத்தவருக்கு மாடி வீடு, கிடைக்காதவருக்கு இரண்டு அறைப் புறாக்கூண்டு. வீட்டுக்காரர் மனைவியிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "மாடி வீடு வந்தா உங்க அண்ணனுக்கு ஒரு ரூம், சந்தோஷமா இருக்கட்டும். ரெண்டு ரூம்னா அவர் வேற இடம் பாத்துக்கணும். எரியற மனுஷனை நான் எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைக்க?" வேறு இடம் என்று ஒன்று இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அன்றிலிருந்து அவளுக்கு அந்த விருந்து ஒரு விருந்தாகவே தெரியவில்லை, அண்ணன் படுக்கிற இடமாகத் தெரிந்தது.

இன்னொரு துணை அதிகாரியின் வீட்டு விருந்து முடிந்து, அங்கே பரிமாறிய சூப்பைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், இவள் வீட்டு ஓவன் கண்ணை மூடியது. வீட்டுக்காரர் கப்பல் ஏலத்தில் வாங்கிப் பெருமையாகக் கொண்டுவந்து வைத்த ஓவன். கதவில் கண்ணாடி உண்டு, உள்ளே விளக்கு எரியும், முடிந்ததும் இனிமையாக மணி அடிக்கும், சூடு மட்டும் வராது. மற்றபடி முதல் தரம். மெக்கானிக் வந்தார், தட்டினார், நோயாளியிடம் வைப்பது போலக் காதை வைத்துக் கேட்டார், "பார்ட் வரணும்" என்றார், டீ குடித்தார், போனார். வாட்டிய மீன், முழுக்கோழி, கேக் என்று வீட்டுக்காரர் ஏற்கெனவே அலுவலகம் முழுக்கத் தமுக்கடித்திருந்தார். அண்ணனை ஓவனாக வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை வீட்டுக்காரருடையது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை, அவளுடையதுதான். எழுதுவது என்று வந்துவிட்டால் உள்ளதை எழுத வேண்டும். பின்னறைக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "இதுக்காவது உபயோகப்படறேனே, தாராளமா திட்டும்மா" என்றார் அண்ணன்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அந்த வாரம் முழுக்க அவள் அணைப்பதற்காகவே அடித்துப் பழகினாள். இரும்பு நாற்காலி, மடியில் ஓவனின் தட்டு, மேலே கவிழ்க்க ஒரு பெரிய பாத்திரம். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு சூடு என்று போகப்போகப் பிடிபட்டது. மீனுக்கு, குளித்து எத்தனை நாளாகிறது என்று கேட்டால் போதும். கேக்குக்கு நேரடியாகத் திட்டக் கூடாது, திட்டினால் மேலே வெடித்துவிடும். எதிர்வீட்டுக்காரியின் அண்ணன் கார் வாங்கியிருக்கிறாராம் என்று ஒரு பெருமூச்சோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கோழிக்குத்தான் தொடர்ச்சியாக வேண்டியிருந்தது: தண்டச்சோறு, பூமிக்குப் பாரம், உன்னால் எனக்கு இந்த வீட்டில் மரியாதை போச்சு. இந்தப் பகுதியில் வீட்டுக்காரர் எத்தனையோ வருஷம் சேர்த்துவைத்திருந்ததை இலவசமாக வழங்கினார். தோல் மொறுமொறுவென்று வந்தது. ஆனால் பந்தை மட்டும் இழுக்கக் கூடாது என்று அவள் வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் வெளியே போய் முகம் கழுவிக்கொள்வாள்.

விருந்தன்று கடன் வாங்கிய மேஜைவிரிப்பு, கடன் வாங்கிய வெள்ளிக் கரண்டிகள், கடன் வாங்காத ஒரே பொருளாக வீட்டுக்காரரின் சிரிப்பு. இயக்குநரும் அவர் மனைவியும் சரியான நேரத்துக்கு வந்தார்கள். கூடவே துறைமுகத்துப் பெரிய மனிதர்கள் சிலர், உட்காரும்போதே கைக்குட்டையைக் கழுத்தில் சொருகிக்கொண்டு. மீன் பிரமாதம். இயக்குநர் முள்ளைக்கூட யோசித்துவிட்டுத்தான் ஓரமாக வைத்தார். கேக் முன்கூட்டியே எழும்பி அலமாரியில் காத்திருந்தது. கோழிதான் பாக்கி. சமையலறைக்குப் போகிற சாக்கில் பின்னறைக்கு ஓடி ஓடித் திட்டிவிட்டு, வாசலில் நின்று முகத்தில் ஒரு புன்னகையை மாட்டிக்கொண்டு திரும்புவது அவளுக்குக் கைவந்துவிட்டது. கோழி பாதி வெந்த நிலையில், இயக்குநரின் மனைவி கை கழுவ எழுந்தாள், பெரிய வீட்டு மனிதர்களுக்கே உரிய தைரியத்தோடு கிடைத்த கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒருவர் கோழியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் கால்பந்து பார்த்ததில்லை, பந்து எப்படி இருக்கும் என்றுகூடச் சரியாகத் தெரியாது. ஒரு மனிதனை மரியாதையாக நடத்த இந்த ஊரில் அதைவிடப் பெரிய தகுதி வேறு எது? "நீங்க யாருங்க?" என்று கேட்டாள். இந்த வீட்டம்மாவின் அண்ணன் என்றார் அவர். "கூடப்பிறந்தவர் ஏன் இங்கே தனியா உக்காந்திருக்கீங்க? நல்லாருக்கே கதை! வாங்க, எனக்குப் பக்கத்துல இடம் இருக்கு." கோழியைத் தரையில் இறக்கிவைத்துவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். பட்டு மெத்தை தைத்த நாற்காலியில் உட்காரவைத்தாள். நாற்காலி கருகவில்லை. தண்ணீர்க் குவளையை அவர் கையில் எடுத்தார், தண்ணீர் கொதிக்கவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு வாய் குடித்தார். குளிர்ந்த தண்ணீர் குடித்து அவருக்கு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

தங்கை சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அண்ணனை மேஜையில் பார்க்க அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது, அழுகைகூட வந்தது. ஆனால் கோழி உள்ளே சிவப்பாக இருந்தது. இயக்குநர் கத்தியையும் முள்கரண்டியையும் ஒன்றோடொன்று தேய்க்க ஆரம்பித்திருந்தார். வீட்டுக்காரர் சமையலறைக்கு வந்து காதோரம், "அதைச் சொல்லு. நீ சொன்னாத்தான் சூடு ஏறும். இல்ல, நாளைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லு" என்றார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய், "அண்ணா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்று அவர் கையில் கொடுத்தாள். குளிக்கவில்லை என்றாள், ஒன்றும் ஆகவில்லை. எதிர்வீட்டுக் காரைச் சொன்னாள். தண்டச்சோறு என்றாள். விருந்தாளிகள் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அண்ணனோ குளிர்ந்த கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, தப்பான நேரத்தில் வந்த பிச்சைக்காரனைப் பார்ப்பது போல அவளைப் பாவமாகப் பார்த்தார். இவர் படுக்க ஒரு இடம் வேண்டும், இவர் படுக்க ஒரு இடம் வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அவள் வாயைத் திறந்தாள்.

"காலுக்கு நடுவுல பந்தை விட்டவனுக்கு நாற்காலி ஒரு கேடா?"

இயக்குநரின் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். கோல்கீப்பர் தலையை ஆட்டினார். நீண்ட பயணம் முடிந்து செருப்பைக் கழற்றுகிறவனைப் போல அவருடைய தோள்கள் இறங்கின. "ஆமாம்மா, விட்டேன்" என்றார். "நீ ஒருத்திதான் பாக்கி இருந்தே. என்னிக்குச் சொல்லுவியோ, என்னிக்குச் சொல்லுவியோன்னு தினமும் உள்ளுக்குள்ள எரிஞ்சுக்கிட்டே இருந்தேன். சொல்லிட்டே. அப்பாடா!" சிரித்துக்கொண்டே தட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் உப்பைக் கேட்டு வாங்கினார்.

தட்டு அவள் கைக்கு வந்ததும் சிறிய சத்தம் ஒன்று கேட்டது, எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி. கோழியின் தோல் மஞ்சளாகி, பொன்னாகி, விளிம்பில் முறுகத் தொடங்கியது. அவளுடைய வளையல்கள் சிவந்தன. விரிப்பின் ஓரம் கருகுகிறதே என்று கடன் கொடுத்தவளை நினைத்து அந்த நேரத்திலும் ஓர் அடி தள்ளி நின்றாள். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. பூமிக்கு வேறு வேலை இருந்தது. நெய்யும் மிளகும் மணக்க, அறை முழுக்க எச்சில் ஊறியது. இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். மேஜையிலேயே, விருந்தாளிகள் கண்ணெதிரே, வீட்டம்மா தன் கையாலேயே வாட்டிப் பரிமாறுகிற இந்த நாகரிகத்தை வெளிநாட்டில்கூடப் பார்த்ததில்லை என்றார். இதற்கு முன்னால் சூப் எல்லாம் ஒரு சாப்பாடா என்றும் கேட்டார். பெரிய மனிதர்கள் எல்லோரும் இதை எப்போதோ கேள்விப்பட்டிருந்தது போலத் தலையசைத்தார்கள், அவர்களுக்கு எதுவுமே புதிதில்லை. காலும் தொடையும் இயக்குநருக்கே போயின.

உத்தரவு மறுவாரமே வந்தது. மாடி வீட்டில் கிழக்குப் பார்த்த அறை கோல்கீப்பருக்கு. அதில் இப்போது பஞ்சு மெத்தை, இரண்டு போர்வை. மழை பெய்தால் அவருக்கு ஜலதோஷம் பிடிக்கிறது, மனிதர் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். பஸ்ஸில் கண்டக்டர் பழைய பாட்டைப் பாடினால், காலைச் சேர்த்துவைத்து நின்று காட்டுகிறார். வீட்டுக்காரர் சட்டையைத் தேய்க்கப் பெட்டி வாங்க வேண்டியதாயிற்று, மின்கட்டணத்தைப் பார்த்து மாதாமாதம் பெருமூச்சு விடுகிறார். துறைமுகத்தில் முக்கியமான விருந்து எல்லாம் அவர்கள் வீட்டில்தான். கல்பலகை தங்கையின் அறைக்கு மாறியிருக்கிறது. அவளைத் திட்ட யாரும் தேவையில்லை, தட்டை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்கு நடந்ததை நினைத்துக்கொள்வாள், மீனும் ரொட்டியும் தாமாக வெந்துவிடும். கொஞ்சம் பெரிய கோழியாக இருந்தால் மட்டும் அண்ணனைக் கூப்பிடுவாள். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தடவிக்கொடுத்து, "விடும்மா, நான் அதையெல்லாம் அப்பவே மறந்துட்டேன்" என்பார். கோழி எலும்புவரை வெந்துவிடும்.